தாளில் இல்லாத பெயர்

எங்கள் ஊருக்குக் கரடி வந்தால் ஹருவே சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். ஆறு கரையைத் தொட்டால் அவள் சொல்வாள். மலைச்சாலையில் பனி சரிந்தால் அவள் சொல்வாள். வயதானவர் யாராவது வீட்டு ஞாபகமே இல்லாமல் நடந்து போய்விட்டால், அவர் போட்டிருந்த சட்டையின் நிறத்தைக்கூட அவள்தான் சொல்வாள். சுகெனுமா நகராட்சி அலுவலகத்தின் மூன்றாவது மாடியில் அவளுக்கு ஒரு சின்ன அறையும் ஒரு மைக்கும் உண்டு. தெருவுக்கொரு கம்பம், கம்பத்துக்கொரு ஒலிபெருக்கி. அதில் ஒன்று என் சலூன் வாசலிலேயே நிற்கிறது. அதனால் எனக்குத் தப்பிக்க வழியே இல்லை.

அவள் குரலில் ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. பத்தொன்பது வயதில் தட்டச்சு வேலைக்குத்தான் போனாள். அறிவிப்பு வாசிக்கிற பெரியவருக்கு ஒரு நாள் தொண்டை கட்டிக்கொண்டது. "இன்னிக்கு மட்டும் நீ படிம்மா" என்று தாளை அவள் கையில் கொடுத்தார்கள். அந்த இன்றைக்கு மட்டும் நாற்பது வருஷம் ஓடிவிட்டது.

"கரடி வந்திருக்குன்னு கொஞ்சமாவது பயத்தோட சொல்லக் கூடாதாடி? ரயில் டைம் சொல்ற மாதிரி சொல்றே" என்று நான் அவளைக் கிண்டல் செய்வேன்.

"நான் பயந்து படிச்சா ஊரே பயந்துடும். கரடி மட்டும்தான் பயப்படாது" என்பாள்.

நான் நட்சுயோ. அப்பாவின் சலூனை இப்போது நான் நடத்துகிறேன். ஹருவேயும் நானும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். அவளுக்குக் கடவுள் குரலைக் கொடுத்தபோது என்னை மறந்துவிட்டார் போலிருக்கிறது. இருந்த கொஞ்சத்தையும் நான் சிகரெட் பிடித்தே கெடுத்துக்கொண்டேன். போனை எடுத்தால் புதியவர்கள் பெண் என்று தெரியாமல் என்னை "சார்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். நானும் திருத்துவதில்லை, வேலை நடந்தால் சரி.

ஆகஸ்ட் இருபத்தொன்றாம் தேதி வாணத் திருவிழா. மற்ற ஊர்களில் வாணம் சும்மா மேலே போய் வெடிக்கும். எங்கள் ஊரில் அப்படி இல்லை. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் கோயிலுக்குச் செலுத்தும் காணிக்கை. பேரக் குழந்தை பிறந்ததற்கு ஒன்று, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்கு ஒன்று, போன வருஷம் போய்ச் சேர்ந்த அப்பாவுக்கு ஒன்று. செலுத்துகிறவர்கள் ஒரு தாளில் இரண்டு வரி எழுதிக் கொடுப்பார்கள். ஹருவே அதைப் படித்து முடித்த பிறகுதான் அக்கரை மணல்திட்டில் திரி வைப்பார்கள்.

எழுதியிருப்பதை அவள் அப்படியே படிப்பாள். ஒரு சொல் கூட்டமாட்டாள், ஒரு சொல் குறைக்கமாட்டாள். எங்களோடு படித்த தமோட்சு, காஸ் சிலிண்டர் வியாபாரம் செய்கிறவன், ஒரு வருஷம் குடித்துவிட்டு எழுதிக் கொடுத்துவிட்டான்: "என் மனைவி என்னோடு பேசி மூன்று வாரம் ஆகிறது. காரணம் அவளுக்குத் தெரியும். மன்னிப்புக் கேட்டு இதைச் செலுத்துகிறேன்." ஹருவே அதைக் கரடி அறிவிப்பு மாதிரியே படித்தாள். ஆற்றங்கரை முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது. அவன் மனைவி இன்னும் ஒரு மாதம் பேசவில்லை.

"கொஞ்சம் பார்த்துப் படிச்சிருக்கலாமே ஹருவே" என்று அவன் வந்து அழாத குறையாகக் கேட்டான்.

"கொஞ்சம் பார்த்து எழுதியிருக்கலாமே தமோட்சு" என்றாள் அவள்.

அவள் கணவன் குனியோவும் எங்கள் வகுப்புதான். உழவு இயந்திரங்கள் பழுது பார்க்கிறவன். அதிகம் பேசமாட்டான், யாராவது பேசினால் நன்றாகச் சிரிப்பான். இருபத்தைந்து வயதில் இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். குழந்தை இல்லை. முப்பத்தெட்டாவது வயதில், பனி இன்னும் கரையாத ஒரு மார்ச் மாதக் காலையில், ஏதோ ஒரு உதிரி பாகம் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான். பக்கத்து ஊர் ரயில் நிலையத்தில் வண்டி நின்றது. அவன் இல்லை.

கடன் கிடையாது. சண்டை கிடையாது. வேறொரு பெண் என்று சொல்ல ஊருக்கு நாக்கு துடித்தது, ஆனால் ஒரு பெயரும் கிடைக்கவில்லை. ஆற்றில் தேடினார்கள், மலையில் தேடினார்கள். மூன்றாம் நாள் ஒலிபெருக்கியில் அறிவிக்க வேண்டும் என்று போலீசார் சொன்னார்கள். வேறு யாரையாவது படிக்கச் சொல்லலாம் என்று மேலதிகாரி சொன்னாராம். ஹருவே கேட்கவில்லை.

நான் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தேன். வாசல் கம்பத்திலிருந்து அவள் குரல் வந்தது. "நகராட்சி அறிவிப்பு. முப்பத்தெட்டு வயது ஆண் ஒருவரைக் காணவில்லை. உயரம் நூற்று எழுபத்தொரு சென்டிமீட்டர். சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. இடது புருவத்தில் தழும்பு." எல்லாருக்கும் படிப்பது போலவே இரண்டு தடவை படித்தாள். என் கணவர் என்று சொல்லவில்லை. தாளில் அப்படி எழுதியிருக்கவில்லை. நான் வந்தவர் தாடையில் கீறிவிட்டேன்.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போய்க் கத்தினேன். "நீயெல்லாம் ஒரு மனுஷியாடி? கல்லா?"

"வேற யாராவது படிச்சா அவர் காதுல போட்டுக்க மாட்டார். என் குரல்னா நின்னு கேப்பார்" என்றாள்.

அன்றைக்கு அப்படிக் கேட்டதற்கு இன்று வரைக்கும் வெட்கப்படுகிறேன்.

மாமியாரை அவள் பதினோரு வருஷம் பார்த்துக்கொண்டாள். கடைசி நான்கு வருஷம் கிழவிக்கு நினைவு தப்பிவிட்டது. தினமும் விளக்கு போட்டதும் "குனியோ வந்தாச்சா?" என்று கேட்பாள். "கொஞ்சம் லேட்டாகுமாம் அத்தை, நீங்க சாப்பிடுங்க" என்று ஹருவே ஊட்டிவிடுவாள். ஊரே இதைப் பார்த்துக்கொண்டிருந்தது. காத்திருக்கிறவள் என்று அவளுக்கு ஒரு பெயரே வைத்துவிட்டார்கள். அவள் கடைக்குள் நுழைந்தால் சிரிப்பை நிறுத்துவார்கள், முள்ளங்கி ஊறுகாயை ஒரு கை கூடுதலாகப் போட்டுக் கொடுப்பார்கள். ஏழு வருஷம் தகவல் இல்லையென்றால் நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்து இறந்தவராக அறிவிக்கலாம். அவள் எழுதிக் கொடுக்கவில்லை. அதனால் மரியாதை இன்னும் கூடிப்போனது.

நடுவில் மனைவியை இழந்த ஒரு கணக்கு வாத்தியார் அவளிடம் பிரியமாக இருந்தார். இரண்டு மூன்று தடவை சேர்ந்து ஆற்றோரம் நடந்தார்கள். நானே அவளிடம் கேட்டேன், "குனியோ திரும்பி வந்து நின்னா என்னடி பண்ணுவே?" என்று. விளையாட்டாகத்தான் கேட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசை. அவள் சிரித்தாள். வாத்தியார் அடுத்த ஏப்ரலில் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார்.

இப்படியே இருபத்திரண்டு வருஷம் போனது. எங்களுக்கு அறுபது வயது வந்தது.

ஒரே வருஷத்தில் நடுநிலைப்பள்ளி முடித்தவர்கள் எல்லாரும் எங்கள் ஊரில் ஒரு சங்கம். எங்கள் சங்கத்துக்குப் பெயர் மீன்கொத்தி. இருபது வயதிலும் நாற்பத்திரண்டிலும் சங்கத்தின் பெயரால் வாணம் விடுவார்கள். அறுபதில்தான் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். முதலில் போய்ச் சேர்ந்தவர்களின் பெயர்கள். அவர்களுக்காக ஒரு வெள்ளை வாணம் போகும், யாரும் கைதட்ட மாட்டார்கள். பிறகு இருப்பவர்களின் பெயர்கள், அந்தக் காலத்துப் பள்ளிப் பதிவேட்டு வரிசையில், பெண்களுக்குக்கூடப் பிறந்த வீட்டுப் பெயரோடு. கூப்பிட்டதும் ஒவ்வொருவரும் "இருக்கேன்!" என்று அடித்தொண்டையில் கத்த வேண்டும். கடைசிப் பெயர் முடிந்ததும் பெரிய வாணக் குண்டு போகும்.

செயலாளர் யார் என்று சீட்டு குலுக்கினார்கள். என் கெட்ட நேரம், சீட்டு எனக்கு விழுந்தது. பட்டியல் எழுதுவது செயலாளர் வேலை.

ஜூன் மாதம் என் சலூனில் கூடினோம். நாற்பத்து நான்கு பேர் வகுப்பு. ஐந்து பேர் போய்விட்டார்கள். முப்பத்தெட்டுப் பேர் இருக்கிறோம். குனியோ ஒருவன்தான் மிச்சம்.

"போனவங்க லிஸ்ட்ல போட்டுடு நட்சுயோ" என்றான் தமோட்சு. "இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. இனிமே என்ன?"

"அதை யாருடா படிக்கப் போறா? ஹருவேதானே படிக்கணும்! கோர்ட்டுல கையெழுத்தே போடாதவ வாயால படிப்பாளா?"

"சரி, இருக்கிறவங்க லிஸ்ட்ல போடு. இகராஷி குனியோன்னு கூப்பிட்டதும் யாரு இருக்கேன்னு சொல்றது? உன் சவரக் கத்தியா? இருபதாயிரம் பேர் முன்னாடி கப்சிப்னு நிக்கும். அதை அவ தாங்குவாளா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "நீதானே அவளுக்கு நெருக்கம், நீயே கேட்டுடு" என்று என் தலையில் கட்டிவிட்டு, என் பீரையும் குடித்துவிட்டுப் போனார்கள்.

மதிய இடைவேளையில் அலுவலகத்துக்குப் போனேன். ஹருவே மைக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சோற்று உருண்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டேன்.

"குனியோ பேரை எதுல எழுதட்டும்?"

அவள் மென்று விழுங்கினாள். "எழுதுறது உன் வேலை. படிக்கிறது என் வேலை."

"இது யாரோ எழுதிக் கொடுத்த காணிக்கைத் தாள் இல்லடி. உன் புருஷன்."

"அதனாலதான் சொல்றேன். நீ எதை எழுதினாலும் படிப்பேன்."

"ஒரு வார்த்தை சொன்னா வாய்ல இருக்கிற முத்து கொட்டிடுமா?"

"நேரமாச்சு நட்சுயோ" என்று மைக்கின் பொத்தானில் கையை வைத்தாள். "ரெண்டு மணிக்கு வெயில் எச்சரிக்கை படிக்கணும்."

எனக்கு வந்த கோபத்தில் மூன்று மாடியையும் படியிலேயே இறங்கினேன். வாசலுக்கு வருவதற்குள் அவள் குரல் தலைக்கு மேல் வந்துவிட்டது. போதுமான தண்ணீர் குடிக்க வேண்டுமாம்.

ஜூலை முழுக்க அந்தத் தாள் என் கல்லாப்பெட்டிக்குள் கிடந்தது. முதல் பட்டியலில் அவன் பெயரை எழுதினேன். ஆறாவதாக அதைப் பார்த்ததும், உயிரோடு இருக்கிற ஒருவனை என் கையாலேயே புதைத்துவிட்டது போல இருந்தது. அடித்துவிட்டேன். இரண்டாவது பட்டியலில் எழுதினேன். அந்த அமைதியை நினைத்தேன், அடித்துவிட்டேன். கடைசியில் புதுத் தாள் எடுத்து இரண்டிலும் அவனை விட்டுவிட்டேன். யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை, யாரும் கவனிக்கப் போவதும் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கோழைத்தனத்துக்கு இதைவிட நல்ல கையெழுத்து கிடையாது.

திருவிழாவுக்கு முந்திய நாள் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஹருவே விரலை வைத்து மேலிருந்து கீழே எண்ணினாள்.

"நாப்பத்து மூணு" என்றாள்.

"ஆமா."

"வகுப்புல நாப்பத்து நாலு பேர்."

"எழுதினது அவ்வளவுதான்" என்றேன். அவள் முகத்தைப் பார்க்காமல் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"சரி" என்று தாளை மடித்து வைத்தாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மூன்று அதிர்வேட்டுச் சத்தம் கேட்டது. இன்று நடக்கும் என்று அர்த்தம். மத்தியானத்துக்குள் கரை முழுக்க நீலத் தார்ப்பாய்கள். நாங்கள் முப்பத்தேழு பேர் மீன்கொத்தி படம் போட்ட கருநீல மேலங்கியோடு, அறுபது வயதுக்கான சிவப்புத் தலைப்பட்டையும் கட்டிக்கொண்டு, ஹருவே படிக்கிற மேடைக்குக் கீழே எங்கள் பாயில் உட்கார்ந்தோம். பச்சைப் பயற்றங்காயும் பீரும் போய்க்கொண்டே இருந்தன. தமோட்சு அதற்குள் இரண்டு தடவை அழுதுவிட்டு மூன்றாவது தடவைக்குத் தயாராக இருந்தான். மேடை உயரமானது. தகரக் கூரைக்குக் கீழே ஒரு விளக்கு, விளக்குக்குப் பின்னால் அவள். அங்கிருந்து பார்த்தால் கீழே வெறும் இருட்டுதான் தெரியும் என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

எட்டு மணிக்கு எங்கள் முறை வந்தது. எழுந்து வரிசையாக நின்றோம்.

போய்ச் சேர்ந்த ஐந்து பேரின் பெயர்களைப் படித்தாள். அக்கரையிலிருந்து வெள்ளை வாணம் ஒன்று ஏறி, மெதுவாக விரிந்து, சத்தமில்லாமல் கீழே வழிந்தது. யாரும் கைதட்டவில்லை. ஆண்களில் இரண்டு பேர் மூக்கை உறிஞ்சினார்கள். புகை எங்கள் பக்கமாக வந்தது.

"அரிசாவா கென்யா."

"இருக்கேன்!"

அடுத்தது தமோட்சு. உச்சியாமா தமோட்சு. அவன் நெஞ்சை நிமிர்த்தி மூச்சை இழுத்துக்கொண்டான்.

"இகராஷி குனியோ" என்றாள் ஹருவே.

தமோட்சுவின் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. நான் எழுதவில்லை. தாளில் அது இல்லை. நாற்பது வருஷத்தில் தாளில் இல்லாத ஒரு சொல்லை அவள் படித்தது அதுதான் முதல் தடவை.

அவள் காத்திருந்தாள். ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு மூச்சு இடைவெளி விடுவாள். இதற்கு மூன்று ஆனது, நான்கு ஆனது. ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் விஷயம் தெரியும். விசிறிகூட அசையவில்லை. ஆற்றில் தண்ணீர் போகிற சத்தம் கேட்டது. எங்களுக்குப் பின்னால் வெளியூர்க்காரர் ஒருவர், "என்னங்க, மைக் போச்சா?" என்றார்.

"இருக்கேன்!"

கத்தியது நான்தான்.

ஏன் கத்தினேன் என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியவில்லை. பள்ளியில் அவன் மீன் பிடிக்கப் போகும் நாட்களில் அவனுக்குப் பதிலாக நான்தான் வருகை சொல்வேன், வாத்தியாருக்குக் காது மந்தம். அது ஒரு சாக்கு. உண்மை என்னவென்றால் அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. அவளுக்காக இல்லை, எனக்காகத்தான். ஒரு பதில் வந்துவிட்டால் போதும், இது முடிந்துவிடும் என்று தோன்றியது. என் கட்டைக் குரல் ஆம்பளைக் குரலாகவே இருட்டில் மேடை வரைக்கும் போனது.

ஒலிபெருக்கியில் ஒரு மூச்சு கேட்டது. கரை நெடுக, கம்பம் கம்பமாக அவள் மூச்சு கேட்டது. எதுவோ உருண்டு விழுந்த சத்தமும் வந்தது. அப்புறம், "உச்சியாமா தமோட்சு" என்றாள். அதே குரல்.

"இ... இருக்கேன்" என்றான் அவன். என் பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்தான். "என்ன காரியம் பண்ணித் தொலைச்சே? உனக்கு மூளை இருக்கா?"

"வாயை மூடுடா" என்றேன். அழுகை வந்துவிட்டது.

பெயர்கள் போய்க்கொண்டே இருந்தன. ஆண்கள் முடிந்து பெண்கள் வந்தார்கள். "செகினே ஹருவே" என்று தன் பெயரைத் தானே கூப்பிட்டு, "இருக்கேன்" என்று தானே சொன்னாள். கரையில் சிரித்தார்கள், கைதட்டினார்கள். நான் கைதட்டவில்லை, என் பெயர் நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் கூப்பிட்டால் நான் வாயைத் திறந்தே ஆக வேண்டும். எனக்கு வேறு குரல் எங்கே இருக்கிறது?

"மருயாமா நட்சுயோ."

"இருக்கேன்" என்றேன்.

அடுத்த பெயருக்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி விழுந்தது. மற்றவர்கள் கவனித்திருக்க மாட்டார்கள். பிறகு மிச்சமிருந்த ஐந்து பேரையும் கூப்பிட்டு முடித்தாள். எங்கள் பெரிய குண்டு ஏறி, வானத்தை முழுக்க மூடிக்கொண்டு தங்க நிறத்தில் விரிந்ததாம், அப்படி ஒன்றை இந்தக் கரை பார்த்ததில்லையாம். எல்லாரும் சொன்னார்கள். நான் குனிந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மார்புக்கூட்டில் அதிர்ந்தது மட்டும் தெரிந்தது.

ஒன்பது மணிக்கு எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்தது. மேடைக்கு ஏறிப் போனேன். கொலைக்குற்றவாளி மாதிரி போனேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஹருவே மைக் வயரை முழங்கையில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"நான்தான்டி" என்றேன். "அப்போ கத்தினது நான்தான். என்னை ரெண்டு அறை அறைஞ்சுடு."

"தெரியும்."

"கத்தினப்பவே தெரிஞ்சுதா?"

"இல்ல. உன் பேரைக் கூப்பிட்டப்போதான் தெரிஞ்சுது."

நான் மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். குனியோவுக்கும் எனக்கும் நடுவே முப்பத்தொரு பேர். அவ்வளவு நேரமும், தன் பெயரைக் கூப்பிட்டுத் தானே பதில் சொன்னபோதும்கூட, அவன் கீழே இருட்டில் நிற்கிறான் என்று நினைத்துக்கொண்டே அவள் படித்திருக்கிறாள்.

"ஐயோ ஹருவே, நான் ஒரு பாவி."

"கேளுடி" என்றாள். வயரைக் கீழே வைத்தாள். "முதல்ல நெஞ்சு நின்னுடுச்சு. டீக் கோப்பையைத் தட்டிவிட்டுட்டேன். வந்துட்டார், வந்துட்டார்னு நெனச்சேன். நாலஞ்சு பேர் படிச்சப்புறம், சரி, இன்னிக்கு ராத்திரி எங்க படுப்பார்னு யோசனை வந்துச்சு. நான் மெத்தையை நடு ரூம்ல குறுக்கா விரிச்சுப் படுக்கிறவ. வெள்ளிக்கிழமை அடுப்பே மூட்ட மாட்டேன், ரேடியோவைப் போட்டுக்கிட்டு ரொட்டியைத் தின்னுட்டுப் படுத்துடுவேன். இதையெல்லாம் இனிமே ஒருத்தருக்கு விளக்கிச் சொல்லணுமேன்னு இருந்துச்சு. அப்புறம் கோபம் வந்துச்சு பாரு! இருபத்திரண்டு வருஷம் கழிச்சு, கூட்டத்துக்கு நடுவுல நின்னுக்கிட்டு, இருக்கேன்னு ஒத்த வார்த்தை! எங்கே மைக்லயே போயிடுன்னு சொல்லிடுவேனோன்னு பயந்து, ஒவ்வொரு பேரா விரலை வெச்சுப் படிச்சேன்."

அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. என் கண்ணில்தான் இருந்தது.

"அப்புறம் உன் பேரு வந்துச்சு. நீ கத்தினே. அதே காக்கா குரல்." ஹருவே தலைப்பட்டையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்பாடான்னு இருந்துச்சுடி."

நான் மேலங்கி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"காத்திருக்கிறவளுக்கு அப்பாடான்னா இருக்கும்? நீயே சொல்லு. ஊரே சொன்னதை நானும் நம்பிக்கிட்டிருந்திருக்கேன். எப்போ நிறுத்தினேன்னுகூடத் தெரியல."

"அப்புறம் எதுக்குடி அவன் பேரைக் கூப்பிட்டே? நான்தான் எழுதலையே."

"நீ எழுதலைன்னுதான் கூப்பிட்டேன். செத்தவன்லயும் இல்ல, இருக்கிறவன்லயும் இல்லன்னா எப்படி? எங்கேயாவது இருந்தா நின்னு கேக்கட்டும்னு ஒரு தடவை கூப்பிட்டேன். அவ்வளவுதான்." ஆற்றுப் பக்கம் திரும்பினாள். அக்கரையில் டார்ச் விளக்கோடு ஆட்கள் வெடிக்காத குண்டுகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். "திங்கக்கிழமை கோர்ட்டுக்குப் போறேன். கூட வர்றியா?"

"வர்றேன். இறந்துட்டார்னு எழுதிக் கொடுத்துடலாம். இனிமேலாவது நீ நிம்மதியா..."

"அவர் செத்தாரா இல்லையான்னு எனக்குத் தெரியாது. தெரியாததை நான் எப்படி எழுதிக் கொடுப்பேன்? விவாகரத்து கேக்கப் போறேன். மூணு வருஷம் தகவல் இல்லன்னாலே கேக்கலாமாம், சட்டத்துல இருக்கு. எப்பவோ படிச்சு வெச்சிருக்கேன்."

"காரணம் என்னன்னு கேப்பாங்களே?"

"என்னை விட்டுட்டுப் போயிட்டார்" என்றாள் ஹருவே.

இதை எங்கள் ஊரில் சொல்லாதவர் கிடையாது. என் சலூன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொல்லியிருக்கிறார்கள், நானும் ஆமாம் போட்டிருக்கிறேன். அவள் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. இருபத்திரண்டு வருஷமாக அவளும் கேட்டதில்லை போலிருக்கிறது. சொல்லிவிட்டு அப்படியே நின்றாள், உதடு கோணியது, அப்போதுதான் அழுதாள். நான் கட்டிக்கொண்டேன். எலும்பு எலும்பாக இருந்தாள். அழுது முடிக்கிற வரைக்கும் ஒரு வார்த்தை நான் பேசவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, "பசிக்குதுடி" என்றாள். "நூடுல்ஸ் கடை மூடுறதுக்குள்ள வா."

கடைக்காரர் அடுப்பை அணைக்கப் போனார். கெஞ்சி, இரும்புக் கல்லில் கடைசியாகப் புரட்டிய நூடுல்ஸை இரண்டு தட்டில் வாங்கினோம். அவள் தன் தட்டை முடித்துவிட்டு என்னுடையதையும் இழுத்துச் சாப்பிட்டாள்.